மச்சினனோட ஜிடிஐ: 88,800 வெள்ளி காடிக்கு கடன் வாங்கின கதை, கணக்கோட

மொதல்லயே சொல்லிடுறேன், நான் பேங்க்காரனும் இல்ல, காடி (அதான் கார்) புரோக்கரும் இல்ல. சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பார்க்குற ஆளு (வெள்ளின்னா இங்க சிங்கப்பூர் டாலர்), அதனால சொந்தக்காரங்க யாரு கடன் வாங்கப் போனாலும் பேப்பர தூக்கிட்டு நேரா நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க. 2024 ஆகஸ்ட் கடைசில வந்தது என் வீட்டுக்காரியோட தம்பி. 28 வயசு, ஜூரோங் தீவுல பிளான்ட் வேலை, சம்பளம் 5,200, சிபிஎஃப்னு சேமநல நிதிக்கு 20 சதவீதம் போக கையில வர்றது 4,160. சேமிப்பு 58,000 வெள்ளி, அதுல 20,000 கல்யாணத்துக்குன்னு தனியா பேசி வச்சது. பொண்ணு நிச்சயமாயிடுச்சு, வீடும் வாங்கணும். இந்த நெலமைல அவன் போன்ல ஒரு படத்தக் காட்டுறான், செவப்பு கலர் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, ஏழாம் தலைமுறையோட ஃபேஸ்லிஃப்ட், 230 குதிரைத்திறன். "மாமா, இத மட்டும் பாத்து சொல்லுங்க, வேற எதுவும் கேக்க மாட்டேன்"னான். வேற எதுவும் கேக்கறதுக்கு அப்புறம் காசு எங்க இருக்கப்போகுதுன்னு நெனச்சிட்டு பேப்பர வாங்கினேன்.

காடியோட விவரம் இதுதான். பதிவு பண்ணது 2018 அக்டோபர். இஞ்சின் 1,984 சிசி டர்போ. ஓஎம்வி (காடி இறக்குமதியானப்போ சுங்கத்துறை போட்ட மதிப்பு) 29,000. கட்டின ஏஆர்எஃப் (பதிவு பண்ணும்போது கட்டுற கூடுதல் வரி) 32,600. அப்போ எடுத்த சிஓஇ (பத்து வருஷம் காடி வச்சிருக்க ஏலத்துல எடுக்கிற உரிமச் சீட்டு) 32,000, இன்னும் 4 வருஷம் 1 மாசம் பாக்கி. டீலர் கேக்குற விலை 88,800.

இந்த ஏஆர்எஃப் எப்படி வந்துச்சுன்னு அவனுக்கே தெரியல, ஆனா கடன் கணக்குல பாதி வெளயாட்டு இதுலதான் இருக்கு. 2018ல இருந்த முறைல ஓஎம்வியோட மொத 20,000க்கு 100 சதவீதம், அடுத்த 30,000க்கு 140 சதவீதம். அப்போ 20,000 + 9,000க்கு 12,600, ஆக மொத்தம் 32,600. பத்து வருஷத்துக்குள்ள காடிய எல்டிஏல (போக்குவரத்து ஆணையம்) டீரெஜிஸ்டர் பண்ணா இதுல ஒரு பங்கு திரும்ப வரும், அதத்தான் எல்லாரும் பார்ஃப்னு சொல்றது. 2018ல பதிவான இந்த மாதிரி காடிக்கு அஞ்சு வயசுக்குள்ளன்னா 75 சதவீதம், அதுக்கப்புறம் வருஷத்துக்கு 5 கொறஞ்சு கடைசி வருஷத்துல 50ல நிக்கும். அப்போ பத்தாவது வருஷக் கடைசில இவனுக்கு வரக்கூடியது 16,300. பத்த தாண்டிட்டா சுத்தமா பூஜ்யம்.

நான் மொதல்ல பாக்குறது விலைய இல்ல, பேப்பர் வேல்யூ. அதாவது இன்னிக்கே காடிய ஒடைக்கக் குடுத்தா அரசாங்கம் எவ்ளோ திருப்பித் தரும்னு. ஆறு வயசு முடியல, அதனால பார்ஃப் 70 சதவீதம், 22,820. சிஓஇ பாக்கி 49 மாசம், 120ல 49 பங்கு, 13,067. ரெண்டும் சேத்தா 35,900 பக்கம். விலை 88,800. நடுவுல இருக்கிற 52,900 வெள்ளி என்னன்னு கேட்டேன், "அதான் மாமா காடி"ன்னான். பாதி சரிதான், மீதி பாதி என்னன்னா 2018ல 32,000க்கு எடுத்த சிஓஇய, புது சிஓஇ ஒரு லட்சம் பக்கம் இருக்கிற நேரத்துல நம்ம தலைல கட்டுறாங்க. நாளைக்கு சிஓஇ எறங்குனா மொதல்ல கரையிறது இந்த 52,900தான், பேப்பர் வேல்யூ அப்படியே இருக்கும். இத ஏன் இவ்ளோ இழுக்கிறேன்னா கடன் எப்பவும் இந்தப் பேப்பர் வேல்யூக்கு மேல நிக்கிதா கீழ நிக்கிதாங்கிறதுதான் நம்ம ராத்திரி தூக்கத்தத் தீர்மானிக்குது, மாசத் தவணை இல்ல.

அடுத்த சனிக்கெழம பசியாறிட்டு ரெண்டு பேரும் காக்கி புக்கிட் போனோம். அங்க ஒரே கட்டடத்துல அடுக்கடுக்கா யூஸ்டு கார் கடை, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். கடை பேரு வேணாம். சேல்ஸ் பையன் நம்ம பையன்தான், நல்லா பேசினான், ரொம்பவே நல்லா பேசினான். காடிய ஸ்டார்ட் பண்ணி ஒரு தடவ உறும விட்டான், என் மச்சினன் மொகத்துல அப்பவே கையெழுத்து விழுந்துருச்சு. அப்புறம் கால்குலேட்டர எடுத்து, "அண்ணே, பேங்க்ல போனா மாசம் 1,181 வரும், எங்க பலூன் ஸ்கீம்ல போனா 872தான், டாக்சிக்கே இதவிட அதிகமாகும்"னான்.

இந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தி ரெண்டு கணக்கையும் போட்டுக் காட்டணும்.

பேங்க் கணக்கு மொதல்ல. எம்ஏஎஸ் (சிங்கப்பூர் நாணய ஆணையம்) விதி 2016 மே மாசத்துல இருந்து இப்படித்தான்: ஓஎம்வி 20,000 வரைக்கும் இருந்தா 70 சதவீதம் வரைக்கும் கடன், 20,000 தாண்டிட்டா 60 சதவீதம், அதிகபட்சம் 7 வருஷம். (2013ல இன்னும் இறுக்கமா 60, 50, அதுவும் 5 வருஷம்னு இருந்துச்சு.) யூஸ்டு காடிக்கும் பாக்குறது காடி புதுசா வந்தப்போ இருந்த ஓஎம்வியத்தான், அதனால ஜிடிஐ மாதிரி காடிங்க எவ்ளோ பழசானாலும் 60லயே மாட்டிக்கும். இன்னொரு விஷயம், 60 சதவீதம்னா நாம பேசின விலைல 60 இல்ல, விலை, பேங்க்கோட மதிப்பு ரெண்டுல எது கம்மியோ அதுல 60. இவன் காடிக்கு பேங்க் போட்ட மதிப்பு 85,000. அப்போ கடன் 51,000, முன்பணம் 35,520ன்னு நெனச்சிட்டு வந்தவனுக்கு 37,800 ஆயிருச்சு. அந்த 2,280 வித்தியாசம் பாக்க சின்னதா தெரியும், கைல இருக்கிற கடைசி 2,280ஆ இருந்தா தெரியும் வலி. தவணை ஏழு வருஷமெல்லாம் இல்ல, சிஓஇ பாக்கி இருக்கிற வரைக்கும்தான், ஆக 48 மாசம்.

வட்டி 2.78 சதவீதம்னு போட்டிருந்தாங்க. இது ஃபிளாட். 51,000க்கு வருஷம் 1,417.80, நாலு வருஷத்துக்கு 5,671, மொத்தம் 56,671, அத 48ஆல வகுத்தா 1,181. நாம அசல மாசாமாசம் கொறச்சிட்டே வந்தாலும் வட்டி மட்டும் மொத நாள் அசலுக்கே ஓடிட்டு இருக்கும், அதனால உண்மையான வட்டி 5.3 சதவீதம் பக்கம் வருது. 2.78ன்னு கேட்டுட்டு வீட்டுக் கடன விட கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்பட்டவங்கள நான் நெறைய பாத்திருக்கேன்.

இப்போ பலூன். கடன் அதே 51,000, ஃபிளாட் வட்டி 3.5, நாலு வருஷத்துக்கு 7,140. ஆனா கடைசில வரப்போற பார்ஃப் 16,300ஐ தவணைல சேக்காம ஓரமா வச்சிடுவாங்க. 51,000 + 7,140 − 16,300 = 41,840, அத 48ஆல வகுத்தா 872. நாலு வருஷம் முடிஞ்சதும் காடிய ஒடைச்சு அந்த 16,300 அவங்களுக்குப் போயிரும்.

உண்மையச் சொல்றேன், இத பாத்த ஒடனே வட்டில ஏமாத்துறான்னு முடிவு பண்ணிட்டேன், மச்சினன்கிட்ட அப்படியே சொல்லியும் வச்சிட்டேன். வீட்டுக்கு வந்து எக்ஸல்ல போட்டா உண்மையான வட்டி 5.2 பக்கம்தான் வருது, பேங்க்க விட ஒரு முடி கம்மி! ஏன்னா அந்த 16,300ஐ நாலு வருஷம் பூரா நாம கையில வச்சிருக்கோம்ல, அதுக்கும் சேத்துத்தான் அந்த 3.5. அப்போ ஃபிளாட் வட்டிய ஃபிளாட் வட்டியோட ஒப்பிடுறதே தப்பு. மறுநாள் காலைல அவனுக்கு போன் பண்ணி நான் சொன்னது தப்புடான்னு சொன்னேன், அவனுக்கு ஏக சந்தோஷம். பொறு, இன்னும் முடியலன்னேன்.

பலூனோட பிரச்சன வட்டி இல்ல, நடுவழில எறங்க முடியாதது. ரெண்டு வருஷம் கழிச்சு, அதாவது 24 தவணை கட்டின பொறகு நெலம எப்படின்னு பாத்தேன். அப்போ காடியோட வயசு எட்டுக்குக் கொஞ்சம் கம்மி, பார்ஃப் 60 சதவீதம், 19,560. சிஓஇ பாக்கி 25 மாசம், 6,667. பேப்பர் வேல்யூ 26,200 சொச்சம். பேங்க் கடன்ல அன்னிக்கு முழுசா அடைக்க வேண்டியது 27,200 பக்கம், அதாவது கிட்டத்தட்ட சமமா நிக்குது. பலூன்ல அடைக்க வேண்டியது 34,500 பக்கம். காடிய ஒடச்சாலும் கையில இருந்து 8,000க்கு மேல போட்டாத்தான் வெளிய வர முடியும். மார்க்கெட் நல்லா இருந்தா யாராச்சும் அதுக்கு மேல குடுத்து வாங்குவாங்க, ஒத்துக்கறேன். ஆனா வேல போச்சு, சிஓஇயும் எறங்குச்சுன்னு ரெண்டும் ஒண்ணா வந்தா? கடைசில இன்னொண்ணு, பத்து வருஷம் முடிஞ்சு சிஓஇ புதுப்பிக்கணும்னு ஆசப்பட்டா பார்ஃப் போயிரும், ஆனா பலூன்காரங்களுக்கு 16,300 ரொக்கமா வச்சே ஆகணும்.

பேங்க் கடன நடுவுல அடைக்கிறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. 48ல 24 மாசம் கட்டிட்டோம், வட்டியும் பாதிதான் போயிருக்கும்னு தோணும்ல? ரூல் ஆஃப் 78ன்னு ஒரு கணக்கு, 48 + 47 + 46ன்னு ஒண்ணு வரைக்கும் கூட்டினா 1,176 வரும், மொத மாசத்துக்கு வட்டில 1,176ல 48 பங்கு, கடைசி மாசத்துக்கு ஒரே ஒரு பங்கு. மிச்சம் இருக்கிற 24 மாசத்துக்கு கூட்டினா 300தான். ஆக பாதி வழில 5,671ல 4,200 சொச்சம் வட்டி ஏற்கெனவே போயிருச்சு. மிச்சம் 1,447ஐயும் முழுசா தள்ளுபடி பண்ண மாட்டாங்க, எங்களுக்கு வந்த பேப்பர்ல அதுல 20 சதவீதம் அவங்க புடிச்சுப்பாங்கன்னு போட்டிருந்துச்சு. "சீக்கிரம் அடைச்சிடுவேன் மாமா"ங்கிற பேச்செல்லாம் மொத வருஷத்துல அடைச்சா கொஞ்சம் புண்ணியம், அப்புறம் பெருசா ஒண்ணும் இல்ல.

இப்போ இந்தக் கதைல வில்லன் வர்ற எடம். முன்பணம் 37,800 குடுத்தா இவன்கிட்ட மிஞ்சுறது 20,200, அது கல்யாணக் காசு. சேல்ஸ் பையன் மொகத்த பாத்தே புரிஞ்சுக்கிட்டான், "அண்ணே, முன்பணத்துல 20,000த்த பெர்சனல் லோன்ல போட்டுக்கலாம், மூணு வருஷம், மாசம் 614தான், கைக்காச ஏன் தொடணும்"னான். ரொம்ப சாதாரணமா சொன்னான், கோப்பிக்கு சீனி வேணுமான்னு கேக்குற மாதிரி.

என் பயம் என்னவா இருந்துச்சுன்னா, காடிக் கடன் இருந்தா வீட்டுக் கடன் கிடைக்காது, அவ்ளோதான். எங்க அம்மா காலத்துல இருந்து வீட்ல சொல்ற பேச்சு அது. ஆனா அதையும் கணக்குப் போட்டுப் பாக்கலாம்னு உக்காந்தேன். அவனுக்கு நிச்சயமான பொண்ணு ஜனவரில இருந்து வேலைய விட்டுட்டு முழுநேரமா படிக்கப் போறாங்க, அதனால ரீசேல் வீடு வாங்கும்போது பேங்க் இவன் ஒருத்தன் சம்பளத்தத்தான் பாக்கும். எச்டிபி (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீட்டுக்கு ரெண்டு வரம்பு. எம்எஸ்ஆர், வீட்டுத் தவணை மட்டும் சம்பளத்துல 30 சதவீதம் தாண்டக் கூடாது, 1,560. டிடிஎஸ்ஆர், எல்லாக் கடனும் சேத்து 55 சதவீதம் தாண்டக் கூடாது, 2,860. (2021 டிசம்பருக்கு முன்னால இது 60ஆ இருந்துச்சு.)

காடி மட்டும் இருந்தா? 2,860ல 1,181 போனா 1,679. இது 1,560ஐ விட அதிகம். அதாவது வீட்டுக் கடன அமுக்குறது எம்எஸ்ஆர்தான், காடிக் கடனால ஒரு வெள்ளி கூட கொறையல! 119 வெள்ளி வித்தியாசத்துல தப்பிச்சிருக்கான். ஆனா பெர்சனல் லோன் 614ஐ சேத்தா 1,065 ஆயிருது, இப்போ டிடிஎஸ்ஆர் அமுக்க ஆரம்பிக்குது. பேங்க் வீட்டுக் கடன கணக்குப் போடும்போது குறைஞ்சது 4 சதவீத வட்டின்னு வச்சுத்தான் பாக்கணும், 25 வருஷத்துக்கு 1,560ன்னா 2,95,000 பக்கம் கடன் கிடைக்கும். 1,065ன்னா 2,02,000 பக்கம். 20,000 வெள்ளி பெர்சனல் லோனுக்கு 93,000 வெள்ளி வீட்டுக் கடன பலி குடுக்கணும். இத அவன்கிட்ட காட்டினப்போ ஒண்ணும் பேசல, அவன் அக்காதான் கிச்சன்ல இருந்து "அப்போ எங்க வீட்லயே இருக்க வேண்டியதுதான்"னா. மச்சினன் அன்னிக்கே பெர்சனல் லோன்ங்கிற வார்த்தைய விட்டுட்டான்.

அதே மாசத்துல இன்னொண்ணும் நடந்துச்சு, ஆகஸ்ட் 20ல இருந்து எச்டிபியோட சொந்தக் கடன் வரம்பு 80 சதவீதத்துல இருந்து 75க்கு எறங்கிருச்சு. 5,80,000 வீடுன்னா அதுலயே 29,000 அதிகமா நாம வைக்கணும். காடி முன்பணமும் வீட்டு முன்பணமும் ஒரே பையில இருந்துதான் போகுது, சிபிஎஃப்ல இருந்து வீட்டுக்கு எடுக்கலாம், காடிக்கு ஒரு காசு எடுக்க முடியாது.

மாசச் செலவு. கடன் 1,181. இன்சூரன்ஸ் வருஷம் 3,150, மாசம் 262. இது கிடைக்கவே படாதபாடு, 28 வயசு, லைசென்ஸ் மூணு வருஷம், என்சிடி (கிளெய்ம் பண்ணாம இருந்தா கிடைக்கிற தள்ளுபடி) பூஜ்யம், காடி ஜிடிஐன்னு சொன்னதும் ரெண்டு எடத்துல கோட் பண்ணவே மாட்டேன்னுட்டாங்க, கடன்ல இருக்கிற காடிக்கு காம்ப்ரிஹென்சிவ் கட்டாயம், மூணாம் தரப்பு மட்டும் போட்டு சமாளிக்கலாம்ங்கிற பேச்சே இல்ல. ரோட் டேக்ஸ் வருஷம் 1,190 சொச்சம், மாசம் 99. வீட்டு புளோக் கீழ கூரை போட்ட பார்க்கிங் சீசன் 110. பெட்ரோல் 320ன்னு வச்சோம், 98 ஆக்டேன் ஊத்துறான், அது லிட்டர் 3 வெள்ளிக்கு மேல. (மலேசியாவுல ஜொகூர் பாரு போய் ஊத்திக்கலாம்னு ஒரு யோசனையும் வந்துச்சு. முக்கால் டேங்க் இல்லாம இங்கிருந்து வெளிய போகக் கூடாது, அங்க வெளிநாட்டுக் காடிக்கு 95 ஊத்தக் கூடாது, கால் டேங்க் 97க்காக ரெண்டு மணி நேரம் ஜாம்ல நிக்கணும்.) ஈஆர்பி (நெரிசல் நேர ரோட்டுக் கட்டணம்), வெளி பார்க்கிங் 150. சர்வீஸ், ரிப்பேருக்கு 200. கூட்டினா 2,322. கைக்கு வர்றது 4,160. பாதிக்கு மேல நாலு சக்கரத்துக்கு.

நான் வேணாம்னுதான் சொன்னேன். ஓஎம்வி 20,000க்குள்ள இருக்கிற சின்ன வேகக் காடி எதாச்சும் பாரு, 70 சதவீதம் கடன் கிடைக்கும், கைக்காசு மிஞ்சும்னு சொன்னேன். "மாமா, நீங்க கல்யாணத்துக்கு முன்னால எதுக்குமே ஆசப்பட்டதில்லயா"ன்னு கேட்டான். இதுக்கு எக்ஸல்ல பதில் இல்ல. சரி, வாங்குறதுன்னு முடிவாயிட்டா ஒழுங்கா வாங்கு, மொதல்ல காடிய செக் பண்ணு, அவசரப்படாதன்னேன்.

செக்கிங் போட்டது தனி சோதனை மையத்துல, கடைக்காரன் காட்டின வொர்க்ஷாப்ல இல்ல. மூணு விஷயம் வந்துச்சு. ஒண்ணு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஹவுசிங்ல கூலன்ட் கசிவு. இந்த இஏ888 இஞ்சின்ல இது ஊரறிஞ்ச வியாதி, பிளாஸ்டிக் ஹவுசிங், வயசானா கசியும். ரெண்டு, டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ எண்ணெய் மாத்தணும், காடி ஓடினது 81,000, மாத்தினதுக்கு ரெக்கார்டே இல்ல. மூணாவதுதான் முக்கியம், மாட்டியிருந்த எக்ஸாஸ்ட் ஒரிஜினல் இல்ல, எல்டிஏ அங்கீகாரப் பேப்பரும் இல்ல. அந்த உறுமல் சத்தத்துக்குத்தானே பையன் மயங்கினான்! அது அடுத்த சோதனைல ஃபெயில் ஆகும், புடிச்சா அபராதம், இன்சூரன்ஸ்ல சொல்லாம விட்டா கிளெய்ம் வர்ற நேரத்துல கழுத்தப் புடிப்பாங்க. வேகக் காடிக்கு கடன் வாங்குறவங்க இத தனியா பாக்கணும், ஏன்னா முன்னாடி வச்சிருந்தவனும் ஆசக்காரன்தான், எதாச்சும் ஒண்ண மாத்தாம விட்டிருக்க மாட்டான்.

நாங்க டெபாசிட் 1,000 கட்டினப்பவே அக்ரிமென்ட்ல ரெண்டு வரி கையால எழுத வச்சோம், கடன் கிடைக்கலன்னாலும் சோதனைல பெரிய குறை வந்தாலும் டெபாசிட் முழுசா திரும்பணும்னு. மொதல்ல "அதெல்லாம் வழக்கம் இல்லண்ணே"ன்னான், எந்திரிச்சதும் வழக்கமாயிருச்சு. அதனால ரிப்போர்ட்ட காட்டினதும் வாதாடாம பணத்த திருப்பிக் குடுத்தாங்க.

அப்புறம் ஆறு வாரம் சும்மா இருந்தோம். இதுல நான் கொஞ்சம் பெரும பட்டுக்கலாம். அக்டோபர்ல காடிக்கு ஆறு வயசு முடியுது, அன்னிக்கு ராத்திரியோட பார்ஃப் 70ல இருந்து 65க்கு எறங்கும், 1,630 வெள்ளி காத்துல போயிரும், கூடவே சிஓஇ மாசம் 267 வெள்ளின்னு தேஞ்சிட்டே இருக்கு. காடி கடைல நிக்கிற ஒவ்வொரு மாசமும் அந்தத் தேய்மானம் டீலர் தலைல. சேல்ஸ் பையனே ரெண்டு தடவ மெசேஜ் போட்டான், பார்ஃப் கொறையப் போகுது சீக்கிரம் வாங்கண்ணேன்னு. தம்பி, அது உங்களுக்குத்தான் அவசரம், எங்களுக்கு இல்லன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். மச்சினன் மட்டும் தெனமும் விளம்பரம் இருக்கா போயிருச்சான்னு பாத்துட்டு இருந்தான், பாவம்.

நவம்பர் நடுவுல போனோம். விலை 83,500க்கு வந்துச்சு, ஹவுசிங் புதுசு, எக்ஸாஸ்ட் ஒரிஜினலுக்கு மாத்தித் தரணும்னு எழுதி வாங்கினோம். பேங்க் மதிப்பு 82,000, வரம்பு 49,200, வாங்கினது 49,000. பாக்கி 47 மாசம், வட்டி 5,335, தவணை 1,156. முன்பணம் 34,500, கையில மிஞ்சினது 23,500, அதாவது கல்யாணக் காசு 20,000 அப்படியே இருக்கு, மேல 3,500. பலூன் வேணாம்னு அவனே சொன்னான்.

இங்க எங்களுக்குள்ள ஒரு சண்ட. நான் 36 மாசமா போடுன்னேன், வட்டி மிச்சமாகும்னு. அவன் 47தான்னான். அப்போ கோவம் வந்துச்சு, ஆனா இப்போ யோசிச்சா அவன் சொன்னதுதான் சரி. 36ன்னா தவணை 1,475, வட்டில மிச்சம் 1,250 பக்கம், ஆனா மாசம் 319 வெள்ளி அதிகமா போகும். பழைய ஜெர்மன் காடிய வச்சிருக்கிறவன் கையில காசு இல்லாம இருக்கக் கூடாது. கியர்பாக்ஸ் ஒரு நாள் மக்கர் பண்ணா அன்னிக்கு கிரெடிட் கார்ட தேய்க்கிற வட்டி முன்னால இந்த 5 சதவீதமெல்லாம் தூசு.

ஒரு வருஷம் ஆச்சு. நாங்க போட்ட கணக்கும் நடந்ததும் எப்படின்னா, பெட்ரோல் 290ல நின்னுச்சு, ஷிஃப்ட்டுக்கு கம்பெனி பஸ்லயே போறான், காடி வாரக் கடைசிக்கு மட்டும்னு ஆயிருச்சு (இத முன்னாலயே யோசிச்சிருந்தா காடியே வேணாமேன்னு கேக்காதீங்க, நான் கேட்டுட்டேன்). ரிப்பேர், சர்வீஸ் 2,400ன்னு போட்டோம், ஆனது 3,700. டிஎஸ்ஜி எண்ணெய், நாலு டயர் 225/40 ஆர் 18, முன் பிரேக் டிஸ்க், ஒரு இக்னிஷன் காயில். இன்சூரன்ஸ் 10 சதவீத என்சிடியோட 2,840க்கு எறங்குச்சு. பேங்க் கணக்குல இருந்து தானா தவணை போற ஜிரோ ஒரு தடவ கூட தவறல. பேப்பர் வேல்யூ 2025 நவம்பர்ல 28,900 பக்கம், அடைக்க வேண்டிய கடன் 38,000 சொச்சம், 9,000 பள்ளம், இது மெதுவா மூடிட்டு வருது. கல்யாணம் ஜூன்ல நடந்துச்சு, மாப்பிள்ளை ஊர்வலம் அந்த செவப்பு காடிலதான், வீட்டுக்கு இன்னும் பாத்துட்டு இருக்காங்க.

போன வாரம் தேக்கால சாப்பிட்டுட்டு இருக்கும்போது மெதுவா ஆரம்பிச்சான். "மாமா, 2028ல சிஓஇய அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிச்சா எப்படி?" பார்ஃப் 16,300 போயிரும், அஞ்சு வருஷத்துக்கு பிக்யூபில (கடைசி மூணு மாச சிஓஇ சராசரி விலை) பாதி கட்டணும், இந்த மாதிரி பெரிய இஞ்சின் காடிக்கான பி பிரிவு 2025ல இருந்த நெலவரத்துல அந்தப் பாதியே 50,000க்கு மேல, அஞ்சு வருஷம் முடிஞ்சா மறுபடி புதுப்பிக்கவும் முடியாது, ரோட் டேக்ஸ்ல வேற வருஷா வருஷம் 10 சதவீதம் ஏறும். சொல்லிட்டு தலைய தூக்கிப் பாத்தா அவன் போன்ல எக்ஸல் ஷீட் ஏற்கெனவே தெறந்து இருக்கு, இந்தத் தடவ அவனே போட்டது. ஃபார்முலா ஒண்ணு தப்பா இருந்துச்சு, சரி பண்ணிக் குடுத்தேன்.